மனைவி வீட்டு வம்சக் கணக்கு



ஈஃபிள் கோபுரத்தைப் படத்திலாவது பார்க்காத டிப்ளமோ மாணவன் நம்மில் உண்டா? அதன் முதல் தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் 72 பேருடைய பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினியர்களும் விஞ்ஞானிகளும் நிறைந்த அந்த வரிசையில் ஓர் அறுவை மருத்துவரும் இருக்கிறார். பெயர் பால் புரோக்கா.

1824-ல் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில், டாக்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தார். 17 வயதில் பாரிஸில் மருத்துவம் படிக்கப் போனார். பேச்சிழந்த நோயாளி ஒருவர் 1861-ல் இறந்தபோது, அவர் மூளையைச் சோதித்தார் புரோக்கா. இடது முன்மூளையில் ஒரு பகுதி பழுதாகியிருந்தது. அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் புரோக்கா பெயர்தான்!

ஆனா நான் சொல்ல வந்தது வேற கதை.

1857-ல் அவர் மணந்த பெண் அடேல். லேப்பில் லுகோல் அயோடின் என்று சொல்கிறோமே, அந்த டாக்டர் லுகோலின் மகள். மனைவி வழிக் குடும்பத்தில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் புற்றுநோய்க்குப் பலியானதைப் புரோக்கா கவனித்தார். விதி என்று விட்டுவிடவில்லை. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வம்சக் கணக்கே எடுத்துவிட்டார்! 1788-ல் இறந்த மூதாட்டியில் தொடங்கி 1856 வரை வந்தது கணக்கு. 24 பெண்களில் 10 பேர் மார்பகப் புற்றுநோயில் போயிருந்தார்கள்.

இது தற்செயல் இல்லை, வம்சவழியாக வருகிறது என்று 1866-ல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அதே வருஷம்தான் மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சியும் அச்சேறியது. அதையோ அப்போது சீந்துவாரில்லை. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம்! புரோக்காவின் மூன்று பிள்ளைகளும் அதே வம்சத்து வாரிசுகள். அந்தக் கணக்கை எழுதும்போது தகப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

அவரும் தவறாதவர் அல்ல. மண்டையோட்டை அளந்து பெண்களின் அறிவு குறைவென்று நம்பிய பிழையும் அவருடையதே. 1880-ல், 56 வயதில் மறைந்தார்.

விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1990-ல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, கோளாறு 17-வது குரோமோசோமில் என்று காட்டினார். 1994-ல் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவும், 1995-ல் பி.ஆர்.சி.ஏ.2-ம் பிடிபட்டன. இவை டி.என்.ஏ.வில் விழும் உடைப்பைச் சரிசெய்யும் மெக்கானிக்குகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி நமக்கு உண்டு. ஒன்று பழுதாகவே வந்தால், ஸ்டெப்னி இல்லாமல் லாரி ஓட்டுகிற கதைதான். மற்றதும் பஞ்சரானால் அந்த செல் தறிகெட்டுப் போகலாம். இப்படிப்பட்ட பெண்களில் பத்தில் ஆறேழு பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடும்.

ஆனா பயந்துடாதீங்க! மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி இப்படி வம்சவழி வருவதே இல்லை. பழுது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் பாதிக்குப் பாதிதான். அது அப்பா வழியாகவும் வரும். அதனால் பாட்டி, சித்தியோடு நிறுத்தாமல் அத்தையையும் விசாரியுங்கள். நெருங்கிய உறவில் பலருக்கு வந்திருந்தால், ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் சோதனையும் உண்டு, காப்பாற்ற வழியும் உண்டு.

புரோக்கா எண்ணியது போனவர்களை. நாம் எண்ண வேண்டியது இருப்பவர்களை!