மாயாஜாலச் சக்கரவர்த்தி பி. சி. சர்க்கார்

இசையையும் நாட்டியத்தையும் ஆலயத்திலும் அரசவையிலும் வைத்துப் போற்றிய நம் நாடு, ஜாலவித்தையைப் பெரும்பாலும் தெருவோரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. சந்தையிலும் திருவிழாவிலும் வித்தைக்காரன் துணியை விரிப்பான். சிறுவர் வாய் பிளந்து நிற்பர். பெரியவர் காலணாவை எறிந்துவிட்டு அகல்வர். அவ்வித்தையை அரங்கில் ஏற்றி, உலகின் கண்முன் அதற்கு மதிப்புத் தேடித் தந்தோருள் முதன்மையானவர் வங்காளத்துப் பி. சி. சர்க்கார் ஆவார்.

பிரதுல் சந்திர சர்க்கார் 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள டாங்காயில் பகுதியில் பிறந்தார். கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் உத்தியோகத்தை நாடிய அக்காலத்தில், இவர் நாடியதோ கண்கட்டு வித்தை! அந்நாளில் வங்காளத்தில் புகழ் பெற்றிருந்த கணபதி சக்கரவர்த்தியைக் குருவாகக் கொண்டார். மந்திரவாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் தோன்றுமாறு, ஆங்கிலத்தில் தம் பெயரின் எழுத்துக்களையும் மாற்றிக்கொண்டார். 1947இல் நாடு பிரிந்தபோது பிறந்த ஊர் வேற்று நாடாயிற்று. கல்கத்தாவே அவருடைய இல்லமாயிற்று.

தம் நிகழ்ச்சிக்கு அவர் இட்ட பெயர் 'இந்திரஜாலம்'. மேல்நாட்டு வித்தைக்காரர் கறுப்புக் கோட்டுடன் மேடையேற, இவரோ இறகு சூடிய தலைப்பாகையும் மின்னும் அங்கியும் அணிந்து, இந்திய மகாராஜாவாகத் தோன்றினார். கவிழ்த்து வெறுமையாக்கிய பாத்திரம் மீண்டும் மீண்டும் நீர் சொரிந்தது. கண்களை இறுகக் கட்டியபின்பும், கரும்பலகையில் பிறர் எழுதியதை அவர் படித்துக் காட்டினார்.

உலகின் தலைசிறந்த மாயாஜால நிபுணர் என்று அவர் தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொண்டதை மேல்நாட்டார் சிலர் எள்ளினர். அவர் பிறர் வித்தையைத் திருடினார் என்ற பழியும் 1955இல் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் விடைபோல் அமைந்தது 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இரவு.

அன்று பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், பதினேழு வயது உதவிப்பெண் ஒருத்தியை மேசைமேல் கிடத்தி, சுழலும் வாளால் உடல் இரு கூறாகுமாறு அறுத்துக் காட்டினார். பிறகு அவள் கைகளைத் தேய்த்து எழுப்ப முயன்றார், அவள் அசையவில்லை. அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் மாண்டாளோ என்று அஞ்சி மக்கள் தொலைபேசியில் நிலையத்தை மொய்த்தனர். நேரம் முடிந்ததே காரணம் என்றும், பெண் நலமே என்றும் நிலையத்தார் விளக்க வேண்டியதாயிற்று. மறுநாள் பத்திரிகைகள் இதையே பேசின. டியூக் ஆஃப் யார்க் அரங்கில் அவர் நடத்தவிருந்த காட்சிகளுக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

இதில் வியப்பு யாதெனில், பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தை இலண்டனுக்குப் புதியதன்று. 1921இலேயே செல்பிட் என்பார் அந்நகர மேடையில் அதைக் காட்டியிருந்தார். அவர்கள் அறிந்த வித்தையைக் கொண்டே அவர்களை நடுங்க வைத்தார் சர்க்கார். நேரத்தைக் கணக்கிட்டே மேடையேறும் கலைஞருக்கு அன்று மட்டும் நேரம் தவறியது தற்செயலோ, கணிதம் பயின்றவர் போட்ட கணக்கோ? அன்பர்களே, அதை உங்கள் ஊகத்திற்கே விடுகிறோம்.

1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தெருவோர வித்தை அரசின் அவையில் இடம்பெற்றது.

1971ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பயண நிகழ்ச்சிகளுக்காகத் தங்கியிருந்த காலத்தில், மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 57. தந்தை விட்ட கோலை மகன் பிரதீப் சந்திரர் ஏந்தினார். 2010இல் இந்தியா அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் நடுவே தொழில் செய்து வாழ்வோர் நாம். வேற்றார் கருவியையும் தயங்காமல் கற்க வேண்டும். அவர் முன் நிற்கும்போது நம் தலைப்பாகையைக் கழற்றவும் வேண்டாம். சர்க்காரின் வாழ்க்கை நமக்குக் காட்டும் வித்தை இதுவே.