பிரேக் விளக்குக்கு முன்னோடியான நட்சத்திரம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் தமது ஆஸ்டின் செவன் காரை ஓட்டிச் சென்றார். 1930-களில் தயாரான சின்னஞ்சிறு வண்டி. தொண்ணூறு வயதை எட்டும் பருவத்திலும் கல்யாணப் பெண் மாதிரி பளபளக்கும். கூனிமேட்டை நெருங்கும் சமயம் சாலையின் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்துவிட்டது. நண்பர் பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தது எங்களுக்குத் தெரியவே இல்லை! வண்டியின் பின்னால் எரிந்த சிவப்பு விளக்கு, மிதிப்பதற்கு முன்பு எப்படி இருந்ததோ மிதித்த பிறகும் அப்படியே இருந்தது. எங்கள் டிரைவர் சமயோசிதமாக வண்டியைச் சாலையோரத்து மணலில் இறக்கியிராவிட்டால், இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகமே.

கூனிமேட்டில் எல்லோரும் பாய் என்று மரியாதையுடன் அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம், எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சை வளர்த்தோம். பின்னால் வருபவனுக்கு, நான் நிற்கப் போகிறேன் என்று வண்டியே சொல்லவேண்டும் என முதன்முதலில் யாருக்குத் தோன்றியது? யாரோ எஞ்சினீயராக இருக்கும் என்று நண்பர்கள் நினைத்தார்கள். ஒரு சினிமா நடிகையின் பெயரை நான் சொன்னதும் சிரித்தார்கள். ஆனால் கதை நிஜமானது.

அந்த அம்மையாரின் பெயர் பிளாரன்ஸ் லாரன்ஸ். 1886-ஆம் வருஷம் கனடா தேசத்தில் ஹாமில்டன் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜார்ஜ் பிரிட்ஜ்வுட் குதிரை வண்டிகள் கட்டுகிறவர். தாயார் சார்லட், லாட்டா லாரன்ஸ் என்ற பெயரில் நாடகக் கம்பெனி நடத்தியவர். நம் ஊர்ப் பாய்ஸ் கம்பெனிகளில் பால பார்ட் போட்ட சிறுவர்களைப் போல, பிளாரன்ஸும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே மேடையேறிவிட்டார். பேபி பிளோ என்று விளம்பரம் செய்தார்கள். வண்டி கட்டும் தகப்பனாரும் நாடகம் போடும் தாயாரும் வாய்த்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இரண்டு பைத்தியங்களும் சேர்ந்தே பிடித்ததில் ஆச்சரியம் என்ன?

1906-ல் அவர் சினிமாவில் நுழைந்தார். அப்போது படம் பேசாது. ஒரு படம் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஓடாது. அடுத்த வருஷம் எடிசன் கம்பெனியார் எடுத்த படமொன்றில், குதிரையேறத் தெரிந்தவர் என்பதற்காகவே வேஷம் கிடைத்தது. நடுங்கும் குளிரில் வெட்டவெளிப் படப்பிடிப்பு. சம்பளம் நாளொன்றுக்கு ஐந்து டாலர். 1908-ல் டைரக்டர் கிரிபித் அவரைப் பயோகிராப் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். ஜனங்கள் அவர் முகத்துக்காகவே கொட்டகைக்கு ஓடினார்கள். ஆனால் அவர் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது! நடிகர்களின் பெயரை வெளியிட்டால் சம்பளத்தை உயர்த்திக் கேட்பார்கள் என்று முதலாளிகள் பயந்த காலம் அது. பயோகிராப் பெண் என்று மட்டுமே அவரை அழைத்தார்கள்.

பிறகு கார்ல் லேம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தம் கம்பெனிக்கு இழுத்தார். 1910-ல் ஒரு வதந்தி பரவியது: நியூயார்க்கில் டிராம் வண்டி மோதி அந்த நடிகை மாண்டுபோனாராம். உடனே லேம்லி, அது அண்டப் புளுகு, நடிகை சௌக்கியமாக இருக்கிறார் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வதந்தியைக் கிளப்பியதே அவருடைய ஆட்கள்தான் என்பது பொதுவான அபிப்பிராயம். செயின்ட் லூயி நகருக்கு பிளாரன்ஸ் வந்து இறங்கியபோது, செத்துப் பிழைத்தவரைப் பார்க்கப் பெருங்கூட்டம் முண்டியடித்தது. சொந்தப் பெயரால் உலகம் அறிந்த முதல் சினிமா நட்சத்திரம் என்று அவரைச் சொல்வது அதனால்தான். வண்டி மோதி இறந்ததாகப் பொய்ச் செய்தி வந்த ஒருவர்தான், வண்டிகள் மோதாமலிருக்க வழி தேடினார் என்பது விதியின் விளையாட்டு அல்லாமல் வேறென்ன?

கையில் பணம் சேர்ந்ததும் அவர் வாங்கியது மோட்டார் கார். நகை, பட்டாடைகளை விட அதன் மேல்தான் மோகம் அதிகம். தாமே ஓட்டுவார், பழுது வந்தால் தாமே பார்ப்பார். பெண்கள் காரோட்டுவதை வேடிக்கை பார்த்த காலத்தில் இது சாமானியமான காரியம் அல்ல. அப்போதெல்லாம் வண்டி திரும்பவும் நிற்கவும் டிரைவர் கையை வெளியே நீட்டிக் காட்டுவதுதான் வழக்கம். நம் ஊர் லாரிகளில் கிளீனர் கையை ஆட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழையிலும் குளிரிலும் எத்தனை தடவை கை நீட்டுவது? பிரேக்கை அவசரமாக மிதிக்கும்போது கை நீட்டப் போது ஏது?

1914 வாக்கில் அவர் ஒரு வழி கண்டார். பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறத்தில் சிறு கை எழும்பி, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும். பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒரு பலகை நிமிர்ந்து நிற்கும். அதில் 'நில்' என்று எழுதியிருக்கும். விளக்கு அல்ல, பலகைதான். ஆனாலும் விஷயத்தின் உயிர் அதில் இருக்கிறது: டிரைவர் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை, அவருடைய கால் மிதிப்பதே செய்தியாகிவிடுகிறது. பிற்காலத்தில் அதே காலால் எரியும் சிவப்பு விளக்கு உலகம் முழுவதும் வந்துவிட்டது.

அம்மையார் அந்த யோசனைக்கு உரிமைப் பட்டயம் வாங்கவில்லை. மோட்டார் கம்பெனிகள் தங்கள் தங்கள் வழியில் சைகைகளை அமைத்துக்கொண்டன. அவருக்கு ஒரு செம்புக் காசும் வரவில்லை. தாயாரும் லேசுப்பட்டவரல்ல. 1917-ல் மின்சாரத்தால் கண்ணாடியைத் துடைக்கும் கருவி ஒன்றுக்குப் பட்டயமே வாங்கினார். அதிலும் செல்வம் சேரவில்லை.

இதற்குள் நடிகையின் வாழ்வு இருளத் தொடங்கிவிட்டது. ஒரு படப்பிடிப்பில் மூட்டிய தீ எல்லை மீறியது. தீக்காயம் பட்டதோடு முதுகெலும்பிலும் அடி. மாதக்கணக்கில் படுத்தார். எழுந்து வந்தபோது ஜனங்கள் புதிய முகங்களைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1920-ல் முதல் கணவர் காலமானார். அடுத்து மணந்த இரண்டு பேரோடும் வாழ்க்கை நிலைக்கவில்லை. 1929-ல் தாயார் மறைந்தார். அதே வருஷத்துப் பங்குமார்க்கெட் வீழ்ச்சியில் கைப்பணமும் கரைந்தது. 300 படங்களுக்கு நெருக்கமாக நடித்தவர், கடைசியில் ஹாலிவுட்டில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேஷங்களை வாங்கிக் காலந்தள்ளினார். தீராத நோயும் சேர்ந்துகொண்டது. 1938 டிசம்பர் 28-ஆம் தேதி, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஹாலிவுட் மயானத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 1991 வரை ஒரு கல்கூட இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நடிகர் பணம் கொடுத்துத்தான் கல் நாட்டினார்கள்.

கதை முடியும் சமயத்தில் பாய் கையசைத்துக் கூப்பிட்டார். பல்பை எங்களிடம் காட்டினார். பின் விளக்குக்கு மெல்லிய இழை, பிரேக்குக்குத் தடித்த இழை, இரண்டும் ஒரே பல்பில். தலைகீழாக மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அதன் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். தேய்ந்துபோன ஹோல்டரில் யாரோ அழுத்தி மாற்றி மாட்டியிருக்கிறார்கள்! ஆகவே, எப்போதும் எரிய வேண்டிய சின்ன இழைக்குப் பதிலாகப் பெரிய இழை எரிந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் சின்ன இழை கூடச் சேர்ந்தது. வித்தியாசம் எப்படித் தெரியும்?

அதோடு நிற்கவில்லை. ஆஸ்டினுக்கு ஆறு வோல்ட் பாட்டரி. 21 வாட் பல்புக்கு மூன்றரை ஆம்பியர் ஓடவேண்டும். 12 வோல்ட் வண்டியில் அதில் பாதி போதும். ஆகையால் பழைய வண்டியில் இணைப்பு கொஞ்சம் துருப்பிடித்தாலும் நஷ்டம் அதிகம். அரை வோல்ட் வழியில் தொலைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். உப்பளக் காற்றில் துருவுக்குப் பஞ்சமா? பித்தளை முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. விளக்குக் கூட்டிலிருந்து உடம்புத் தகட்டுக்குப் போகும் எர்த் இருந்த இடமே தெரியவில்லை.

பாய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தார். தகட்டை நம்பாமல் விளக்குக் கூட்டிலிருந்து பாட்டரிக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி இழுத்தார். கறுத்துப்போன உட்புறத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தார். சிவப்புக் கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவினார். ஹோல்டரை மாற்றிப் பல்பைச் சரியாக மாட்டி, முனைகளில் வாசலின் தடவினார். இன்னும் பெரிய வாட் பல்பு போடலாமா என்று நண்பர் கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கம்பியும் ஸ்விட்சும் சூட்டில் கருகும் என்றார். எல்.ஈ.டி. பல்பு போடுவதானால் சிவப்பு நிறத்தில் வாங்கவேண்டும், பாட்டரியின் எந்த முனை எர்த் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்று புத்தி சொன்னார்.

இருட்டிய பிறகு புறப்பட்டோம். முன்னால் ஆஸ்டின், பின்னால் நாங்கள். கோட்டக்குப்பம் போய்ச் சேரும் வரையில் நண்பர் எத்தனை முறை பிரேக் மிதித்தார் என்று எண்ணிக்கொண்டே வந்தோம். பதினேழு தடவை.