மூங்கிலின் இனங்கண்ட கேம்பிள்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமிகள். கரிசல் மண்ணும் குறைந்த மழையும் உடைய அந்நிலத்திற் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும், மூங்கிற்காடு இல்லை. ஆயினும், ஏணியாகவோ கூடையாகவோ முறமாகவோ மூங்கில் புகாத வீடு அங்கும் இல்லை. கிணற்றுநீர் வழிந்தோடும் கொல்லைப்புறத்தில், எங்கிருந்தோ கொணர்ந்த மூங்கிற்கிழங்கை நட்டு வளர்ப்பாரும் உளர். நட்டவர் மறைந்தபின், இம்மூங்கில் எவ்வினத்தைச் சார்ந்தது என்று அவர்தம் பேரன் வினவுவானாயின், விடை கூறுதல் எளிதன்று.

மாவையும் புளியையும் பூவும் காயும் கண்டு அறியலாம். தாவரநூலார் செடிகொடிகளைப் பகுப்பது பெரும்பாலும் பூவின் அமைப்பைக் கொண்டேயாம். மூங்கிலோ எளிதிற் பூப்பதன்று. நம் நாட்டு முள்மூங்கில் ஏறத்தாழ 40 ஆண்டுகட்கு ஒருமுறை காடு முழுதும் ஒருங்கே பூத்து, மூங்கிலரிசியைச் சொரிந்து, பின்னர்ப் பட்டுப்போகும். சில இனங்கள் பூப்பதே அருமை. மூங்கில் மரமன்று, புல்லினத்தது என்பது இக்காலத் தாவரநூலார் முடிபு. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்று தொல்காப்பியர் முன்னரே வகுத்தார். அவ்வகுப்பிற் பனையும் தெங்கும் அடங்கும் என்பது வேறு. உந்தூழ் என்று பெருமூங்கிலையும், வேரல் என்று சிறுமூங்கிலையும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். எனினும், வேய், கழை, அமை, வெதிர் எனப் பெயர்கள் பெருகிய அளவிற்கு இனங்களின் வரையறை பெருகவில்லை. அவ்வரையறையைத் தேடி உழைத்தவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் என்பார்.

கேம்பிள் 1847ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஆக்சுபோர்டிற் கல்வி பயின்றபின், பிரான்சு நாட்டு நான்சி நகரிலிருந்த வனக்கல்லூரியிற் பயிற்சி பெற்றார். இந்திய வனத்துறை அப்பொழுது புதிதாகத் தோன்றி வளர்ந்து வந்தது. 1871இல் அத்துறையிற் சேர்ந்த அவர், முதலிற் பர்மாவிலும் பின்னர் வங்காளத்திலும் பணிபுரிந்தார். இரண்டும் மூங்கில் செழித்த நாடுகள். பர்மாவில் வீட்டின் தூணும் சுவரும் தரையும் மூங்கிலே. மலைநகராகிய டார்சிலிங் பகுதியின் மரங்களையும் செடிகளையும் தொகுத்து 1878இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1881இல் இந்திய மரங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றினார். அந்நூலில் மரங்களுக்கு அவ்வந்நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களையும் சேர்த்தெழுதினார். இது பாராட்டத்தக்க செயலாம். காட்டில் வாழ்வோர் மூங்கிலின் வகையைப் பூவை எதிர்பாராமலே அறிவர். பார்த்தும் தட்டியும் வெட்டியும் பெற்ற அறிவு அது. அஃது ஏட்டில் ஏறாதிருந்ததே குறை.

1882 முதல் எட்டாண்டுகள் சென்னை மாகாணத்திற் காட்டதிகாரியாக இருந்தார். 1890இல் தேராதூனிலிருந்த வனப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அங்கிருந்தபோதுதான் மூங்கிலைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் உருப்பெற்றது.

அவருக்கு முன்னர் 1868இல் மன்ரோ என்னும் படைத்தலைவர் மூங்கில்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பூவையே முதன்மையாகக் கொண்ட அந்நூல், காட்டிற் பூவில்லாத மூங்கிலின்முன் நிற்கும் வனக்காவலருக்கு உதவவில்லை. வேறொரு வழி வேண்டியிருந்தது. மூங்கிற் குருத்து நிலத்தைப் பிளந்து எழும்போது அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மடல் தோன்றி, இளந்தண்டைப் போர்த்திக் காக்கும். தண்டு முற்றியபின் பெரும்பாலும் அம்மடல் உலர்ந்து உதிரும். அடுப்பெரிக்கக் கூட்டி அள்ளப்படும் அச்சருகே இனத்தின் அடையாளத்தைத் தாங்கி நிற்பது. மடலின் மேற்பரப்பு மயிருடையதா வழவழப்பானதா, அதன் உச்சியிலுள்ள சிற்றிலை முக்கோணமா நீண்டதா, உச்சியின் இருபுறமும் காதுபோன்ற மடிப்புகள் உண்டா இல்லையா என்பன இனத்துக்கு இனம் வேறுபடும். மடலின் சிறப்பைக் கல்கத்தாவிற் பணிபுரிந்த கூர்சு என்னும் அறிஞர் முன்னரே சுட்டியிருந்தார். அப்புகழ் அவருக்கு உரியது. அதனை இந்நாட்டு மூங்கில்களுக்கெல்லாம் பொருத்தி, படத்துடன் விளக்கிக் காட்டிய உழைப்பு கேம்பிளுடையது. கல்கத்தா அரசுத் தாவரத் தோட்டத்தின் வெளியீடாக 1896இல் வந்த அந்நூலில் 119 படத்தாள்கள் உள்ளன.

அருப்புக்கோட்டைக் கொல்லையில் நிற்கும் மூங்கிலுக்கு இந்நூல் நெறியைப் பொருத்திப் பார்க்கலாம். தூறு முழுதும் வளைந்த முட்கள் நெருங்கி, தண்டு தடித்து உயர்ந்திருப்பின் அது முள்மூங்கில். முள்ளின்றித் தண்டு சிறுத்து, உள்ளீடு ஏறக்குறைய நிரம்பியிருப்பின் கல்மூங்கில் என்று கருதலாம். வறட்சியைப் பொறுப்பதால் அத்தகைய நிலத்திற்கு ஏற்றதும் அதுவே. ஆனால் நீர் மிக்க இடத்திற் கல்மூங்கிலும் உட்டுளை பெறுதலுண்டு. ஆகவே மடலைப் பார்த்தே துணிதல் வேண்டும். தண்டு மஞ்சளாய்ப் பச்சைக்கோடு ஓடியிருப்பது பொன்மூங்கில். முழுதும் பசிய தண்டுடைய மூங்கிலொன்றும் அதே இனத்தில் உண்டு. நிறத்தை மட்டும் நம்புவோர் ஒன்றனை இரண்டெனக் கொண்டு மயங்குவர். மடலைப் பார்ப்போர் மயங்கார். அம்மடலில் கருநிற மயிரும் பெரிய காதுகளும் தெளிவாகக் காணப்படும். மடலைத் தண்டின் அடியிலிருந்தோ நுனியிலிருந்தோ எடுத்தலாகாது. அவ்விடங்களில் அதன் வடிவம் திரியும். மழைக்குப்பின் எழுந்த புதுத்தண்டின் நடுப்பகுதியில் உள்ளதே தக்கது.

மடல் உதிராமல் நெடுங்காலம் தண்டைத் தழுவியே நிற்கும் ஒல்லியான மூங்கில் ஒன்றும் இக்காலத்தில் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. பர்மா, சயாம் நாடுகளுக்கு உரிய அதனைத் தனிப் பேரினத்தில் வைத்து, தைர்சோஸ்டேக்கிஸ் என்று பெயரிட்டவர் கேம்பிளே. அதன் தாவரப்பெயரை முறைப்படி எழுதுமிடத்து இறுதியில் அவர் பெயரும் சேர்ந்து நிற்கும்.

1899இல் இங்கிலாந்தின் அரசக் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அவ்வாண்டே பணியினின்றும் ஓய்வுபெற்றுத் தாய்நாடு சென்று, ஆம்ப்சயரிலுள்ள லிஸ் என்னும் ஊரிற் குடியமர்ந்தார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். சென்னை மாகாணத்துத் தாவரங்களையெல்லாம் ஒரு நூலுள் அடக்கும் பெரும்பணியை முதுமையில் மேற்கொண்டார். அதன் முதற்பகுதி 1915இல் வெளிவந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. கரிசற்காட்டுச் செடியும் நீலமலைப் பூவும் அதிற் குடும்பவாரியாக இடம்பெற்றன. பத்தாண்டுகள் பகுதி பகுதியாக அந்நூல் வளர்ந்தது.

அக்குடும்ப வரிசையிற் புல்லினம் ஏறக்குறைய இறுதியில் வருவது. மூங்கில் அப்புல்லினத்துள் அடங்குவது. எனவே, எந்தத் தாவரத்தை அவர் எவரினும் நன்கு அறிந்திருந்தாரோ, அதனைப் பற்றிய பக்கங்கள் நூலின் கடைப்பகுதிக்கு உரியவாயின. அவ்விடத்தை எட்டுமுன்னரே, 1925ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தமது 78ஆம் வயதிற் கேம்பிள் காலமானார்.

எஞ்சியதை முடிக்கும் பொறுப்பு, சென்னை மாகாண வனத்துறையிற் பணிபுரிந்து தென்னாட்டுத் தாவரங்களை நேரிற் கண்டறிந்த பிஷர் என்பாரிடம் வந்தது. புல்லினத்தைக் கூறும் பகுதி 1934இல் வெளியாயிற்று. 1936இல் நூல் முற்றுப்பெற்றது. 1957இல் இந்தியத் தாவர ஆய்வுத்துறை அதனை மூன்று தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. மூங்கிலைப் பற்றிய பக்கங்கள் பிஷருடைய கையால் எழுதப்பெற்றவையே எனினும், தென்னாட்டில் ஆய்வாளர் பலரும் அம்மூன்று தொகுதிகளையும் கேம்பிளின் நூல் என்றே வழங்குகின்றனர்.