பால் புரோக்கா காத்து வைத்த மூளை

மருத்துவம் பயிலும் நண்பர்கள் புரோக்கா என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் கண்டிருப்பர். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பேச்சுக்குரிய ஓரிடத்திற்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைப் படத்தில் குறித்துக் காட்டித் தேர்வில் மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலர் அவரை மறந்தும் விடுகிறோம். ஆனால் இடத்தைக் கண்டதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர் செய்தார் என்பது என் எண்ணம்.

புரோக்கா 1824ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிரெஞ்சு நாட்டில், போர்தோ நகருக்குக் கிழக்கே தோர்தோன் ஆற்றங்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை மருத்துவர். பதினேழு வயதில் பாரிசு சென்று மருத்துவம் பயின்று, பிற மாணவர் தடுமாறிக் கொண்டிருக்கும் இளவயதிலேயே பட்டமும் பெற்றார். 1859இல் மானிடவியற் சங்கம் ஒன்றை நிறுவினார். மனிதரைப் பற்றி ஆராயும் சங்கம் அரசையும் சமயத்தையும் பற்றி என்ன பேசி விடுமோ என்று அன்றைய அரசுக்கு அச்சம். கூட்டந்தோறும் போலீசார் ஒருவர் வந்து அமர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அனுமதி கிடைத்தது.

அச்சங்கத்தில் 1861ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு வழக்கு மூண்டது. மூளை முழுதும் ஒருமித்து இயங்குகிறதா, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் இடம் உண்டா? பேச்சுக்கு மூளையின் முன்பகுதியே உரியது என்று ஓபெர்தன் என்ற மருத்துவர் வாதாடினார். மற்றவர்கள் மறுத்தனர். புரோக்கா முடிவு கூறாமல் கேட்டுக் கொண்டிருந்தார்.

அப்போதுதான், ஏப்ரல் திங்களில், பிசேத்ர் மருத்துவமனையில் அவர் பொறுப்பிலிருந்த அறுவைப் பிரிவுக்கு லெபோர்ன் என்பவரைக் கொண்டு வந்தனர். வயது ஐம்பத்தொன்று. வலக்கால் அழுகத் தொடங்கியிருந்தது. முப்பதாம் வயதில் பேச்சை இழந்து அங்கு வந்து சேர்ந்தவர். எதைக் கேட்டாலும் டான், டான் என்று இருமுறை சொல்லுவார். மருத்துவமனையில் அதுவே அவர் பெயராகி விட்டது. அறிவு மழுங்கியவரோ என்று பார்த்தால், அப்படியும் இல்லை. எத்தனை ஆண்டுகளாக இங்கிருக்கிறீர் என்று புரோக்கா கேட்டபோது, ஐந்து விரல்களை நான்கு முறை விரித்துப் பின் ஒரு விரலை நீட்டினார். கணக்குச் சரி. இருபத்தோராண்டுகள்! சொல் தொலைந்தது, பொருள் தொலையவில்லை.

புரோக்கா ஓபெர்தனை அழைத்து, நோயாளி உயிரோடிருக்கும்போதே பார்க்கச் செய்தார். பிற்பாடு எவரும் ஐயுறக் கூடாதல்லவா? ஏப்ரல் 17இல் லெபோர்ன் இறந்தார். மறுநாளே மூளை சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. இடப்பக்க முன்பகுதியில் பெரும் பழுது காணப்பட்டது.

இங்கேதான் நான் சொல்ல வந்த காரியம் இருக்கிறது. பழுது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அறிய மூளையைத் துண்டு துண்டாக அரிந்து பார்ப்பதே வழி. பார்த்தால் புரோக்காவின் ஐயம் தீர்ந்திருக்கும், மூளையோ அழிந்திருக்கும். அவர் அரியவில்லை. சாராயத்தில் இட்டுப் பாரிசின் துப்புய்த்ரன் காட்சிச்சாலையில் முழுமையாக வைத்து விட்டார். தம் கூற்றைப் பிறர் சோதிக்க இடம் வைத்தார் என்க.

அவ்வாண்டே லெலாங் என்ற எண்பத்து நான்கு வயது முதியவர் தொடை எலும்பு முறிந்து அவரிடம் வந்தார். முந்திய ஆண்டு பாரிசவாயு தாக்கியதிலிருந்து அவரிடம் எஞ்சியவை ஐந்தே சொற்கள். ஆம், இல்லை, எப்போதும், தம் பெயர், மூன்று. எந்த எண்ணைக் கேட்டாலும் மூன்று என்பார், சரியான எண்ணை விரலால் காட்டுவார். அவர் மூளையும் அதே காட்சிச்சாலைக்குச் சென்றது.

1865இல் பேச்சுக்கு இடப்பக்க மூளையே பெரும்பாலும் பொறுப்பு என்று புரோக்கா துணிந்து எழுதினார். அக்கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. இடப்பக்கம் கெட்டவனுக்கு வலப்பக்கத்தைப் பழக்க முடியாதா? குழந்தைக்குத் தாய் கற்பிப்பது போலப் பொறுமையோடு கற்பித்தால் பேச்சு ஓரளவு மீளலாம் என்று கருதினார். ஒரு நோயாளிக்கு எழுத்துகளை மீளக் கற்பிக்கவும் முயன்றார். பக்கவாதத்தால் வாய் அடைத்தவருக்கு இன்று தரப்படும் பேச்சுப் பயிற்சியின் முன்னோடிகளில் இதையும் வைக்கலாம்.

நிற்க. தெற்குப் பிரான்சில் மார்க் டாக்ஸ் என்ற நாட்டுப்புற மருத்துவர் இருந்தார். பேச்சிழந்த நோயாளிகள் நாற்பதுக்கு மேற்பட்டவரை ஆண்டுக்கணக்கில் கவனித்து, எல்லாருக்கும் இடப்பக்கமே பழுது என்று 1836இலேயே எழுதி வைத்தார். மறு ஆண்டு இறந்தார். கட்டுரை அச்சேறவில்லை. மோன்பெல்லியே நகரில் நடந்த மாநாட்டில் அவர் அதைப் படித்தார் என்று மகன் கூறினார். புரோக்கா விசாரித்தபோது கேட்டதாகச் சொல்வார் ஒருவரும் அகப்படவில்லை. மகனின் முயற்சியால் 1865இல்தான் அது வெளிவந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு, நாற்பது நோயாளிகளின் செய்தி பெட்டிக்குள் கிடந்தது! புரோக்காவின் புகழைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. டாக்ஸை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, அவ்வளவுதான்.

புரோக்காவுக்கும் ஒரு மாசு உண்டு. மண்டையோடுகளை அளந்து மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்த அவர் பல்லாண்டு உழைத்தார். அளவுகோல் நுட்பமானது, முடிவோ முன்னமே மனத்தில் இருந்தது. நம்மைப் போன்றோர் எந்த வரிசையில் இடம் பெற்றிருப்போம் என்று ஊகிக்கக் கடினமில்லை. அந்த அளவைகளும் அச்சில் இருந்தமையால்தான் பின்வந்தோர் பிழையை எடுத்துக் காட்ட முடிந்தது.

1880இல் ஆயுட்கால செனட்டராக ஆனார். அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள் ஐம்பத்தாறு வயதில் திடீரென மறைந்தார். அவர் மூளையையும் எடுத்துக் காத்து வைத்தனர்.

காட்சிச்சாலையில் இருந்த இரு மூளைகளும் சும்மா இருக்கவில்லை. 2007இல் நினா டிரான்கர்சும் பிரெஞ்சு அறிஞரும் அவற்றை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் படமெடுத்தனர். ஒரு கீறலும் படாமல் உட்புறம் தெரிந்தது. பழுது மேற்பரப்போடு நிற்கவில்லை. ஆழ்ந்து சென்று முன்பகுதியைப் பின்பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளையும் அறுத்திருந்தது. புரோக்கா பகுதி ஒன்றே பேச்சின் இருப்பிடம் என்ற பாடம் ஆட்டங்கண்டது. அவர் காத்து வைத்த பொருளே அவரைத் திருத்தியது!

இரண்டு மூளைகளை வைத்து முடிவு கட்டும் காலமும் போய்விட்டது. பக்கவாதம் ஒருவரைத் தாக்குவது போல் மற்றொருவரைத் தாக்குவதில்லை. யார் மீள்வார், எவ்வளவு மீள்வார் என்று சொல்ல ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் போதார். ஆகவே பேச்சிழந்தோரின் உரையாடல்களைப் பதிந்து ஆய்வாளர் பலரும் பயன்படுத்தும் அஃபேசியா பேங்க் 2007 முதல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. அட்லஸ் எனப்படும் தொகுதி 2022இல் பல நாட்டு நோயாளிகளின் 1,271 மூளைப் படங்களைச் சேர்த்தது. அவற்றுள் 655 படங்கள், பழுதான இடத்தை ஆட்கள் கையால் கோடிட்டுக் காட்டிய குறிப்போடு, ஆய்வாளர்க்குத் திறந்து வைக்கப்பட்டன. கணிப்பொறி தானே பழுதைக் கண்டறியக் கற்பது இவற்றிலிருந்துதான்.

லெபோர்னைப் பற்றியும் ஒரு செய்தி. படிப்பற்ற ஏழை என்று நூல்கள் அவரை நெடுநாள் சித்திரித்து வந்தன. 2013இல் போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சுப் பதிவேடுகளைப் புரட்டி அவருடைய முழுப்பெயரை வெளியிட்டார். லூயி விக்தோர் லெபோர்ன், மொரே என்னும் ஊரில் பிறந்தவர், பள்ளியாசிரியர் ஒருவரின் மகன்.