கோட்டையில் கேட்ட மெட்டு



மேற்கத்திய வாத்தியக் குழுவின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கும்போது மூன்றைக் கவனிக்கச் சொல்வார்கள். இசை எந்த வேகத்தில் நடக்கிறது, எந்தச் சுரவரிசையில் அமைந்துள்ளது, நம் மனதில் என்ன உணர்வை எழுப்புகிறது என்பவையே அவை. ஒலிப்பதிவே இல்லாத காலத்தில் இம்மூன்றையும் காதாலேயே பிடித்துக்கொண்ட ஒருவர் நம் பகுதியில் வாழ்ந்தார். அவர்தான் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர் தீட்சிதர். தந்தை இராமசாமி தீட்சிதரும் இசைமேதையே. மணலி முதலியாரின் அழைப்பை ஏற்று அக்குடும்பம் மணலியில் குடியேறியது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் அதே மணலிதான். முதலியாருக்கு ஆங்கிலேயக் கம்பெனியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. அதனால் தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அரிது.

அண்ணனோ, கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பக்திப் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் இப்பாடல்கள் ஏறத்தாழ 40 உள்ளன. மேற்கத்தியர் மேஜர் என்று சொல்லும் சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரங்களே. தீட்சிதர் அதிலேயே பாடினார். ஆனால் நம் இசைக்கு உயிரான கமகம் என்ற அசைவுகளை அதில் சேர்க்கவில்லை. பேண்டு வாசித்தபடியே சுரங்களை நேராக வைத்தார். துள்ளலான நடையையும் மகிழ்ச்சியான உணர்வையும் மாற்றவில்லை. ஆங்கிலேய அரசரை வாழ்த்திய மெட்டும் இவற்றுள் ஒன்று. அந்த மெட்டில் அவர் தாம் வணங்கிய தெய்வத்தைப் பாடினார்.

பின்பு குருவுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். திரும்பி வந்தபின், நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி மலையில் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு. அவருடைய கீர்த்தனைகள் பெரும்பாலும் நிதானமாக நடப்பவை. அமைதியும் ஆழமும் நிறைந்தவை. கோட்டையின் மெட்டு அவருடைய சொந்த வழியைக் கெடுக்கவில்லை. அவரும் அந்த மெட்டைத் தம் வழிக்கு வளைக்கவில்லை. விருந்தாளியை விருந்தாளியாகவே மதித்தார். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார்.

அவருடைய பாடல்கள் அழியாமல் காக்கப்பட்டதில் ஒரு கிறிஸ்தவருக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார் 1890-களில் கர்நாடகப் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டார். அந்த உழைப்பில் பொருளையும் கண்பார்வையையும் இழந்தார். அவர் தூண்டியதால்தான் பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பத்தின் இசைச் செல்வத்தை 1904-இல் நூலாக வெளியிட்டார். பிற சமயத்தவரின் பாடலுக்காகத் தம் கண்ணைத் தேய்த்த அந்த மனிதரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த சகோதரர்கள் உழைக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. இரவுப் பணி முடித்துத் தூங்காத கண்களோடு திருப்பலிக்கு வருவோரும் உண்டு. நாம் பாடும்போது அவர்கள் வாய் திறவாமல் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாடத் தெரியாது என்று நாம் நினைத்துவிடுகிறோம். உங்கள் ஊரில் எப்படிப் பாடுவீர்கள் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் கற்பித்தது. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. அவரவர் மொழியிலேயே கேட்க வைத்தார்.

வரும் ஞாயிறு அவர்களுள் ஒருவரை நம் பாடற்குழுவுக்கு அழைப்போம். அவருடைய மெட்டை அதன் வேகத்தோடும் சுரத்தோடும் உணர்வோடும் கற்றுக்கொள்வோம். திருவிருந்துப் பாடலாக அதையும் ஒருமுறை பாடுவோம். அன்னியரை வரவேற்கும் செவியை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.