மூவர் ஆடினால் இருவர் சேருவர்! கணித மேதை வான் நியூமன் வரலாறு

சதுரங்கப் பலகையின் முன்னால் இருவர் உட்காருவதுதான் வழக்கம். மூன்று பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

அதற்கும் பலகைகள் உண்டு. 1912ல் வியன்னா நகரில் வெல்லிஷ் என்பவர் அறுகோணக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகையை உண்டாக்கினார். அதில் மூன்று ராஜாக்கள். மூன்று படைகள்.

ஆட உட்கார்ந்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு சங்கடம் புரிந்துவிடும். மூவருக்கும் சமமான படைதான். ஒரே விதிதான். ஆனாலும் இருவர் சேர்ந்துகொண்டால் மூன்றாமவர் கதி அதோகதி! அவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தும் பயன் இல்லை.

இது ஆடுகிறவர்களின் குணக்கேடா? அல்லது ஆட்டத்திலேயே உள்ள கோளாறா?

மூவர் ஆடும் எந்த ஆட்டத்திலும் ஒளிந்திருக்கும் இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜான் வான் நியூமன்.

தந்தை சொல் தட்டாத பிள்ளை

1903ம் ஆண்டு டிசம்பர் 28ந் தேதி, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் அவர் பிறந்தார். தந்தை பாங்கித் தொழிலில் இருந்தவர். மூன்று ஆண் பிள்ளைகளில் இவர் மூத்தவர். 6 வயதிலேயே எட்டு இலக்க எண்களை மனக்கணக்காக வகுப்பாராம்!

கணக்குப் படித்தால் சோறு கிடைக்காது, ரசாயனம் படி என்றார் தந்தை. மகன் தட்டவில்லை. கணக்கையும் விடவில்லை. ஸூரிச் நகரில் ரசாயன என்ஜினீயர் பட்டம். புடாபெஸ்ட் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம். இரண்டும் 1926ல் கைக்கு வந்தன.

அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகரில் கணித அறிஞர்கள் முன்னால் எழுந்து நின்றார். அப்போது வயது 22. அவர் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விளையாட்டு!

ஒற்றையா, இரட்டையா?

நம் வீட்டுக் குழந்தைகள் புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடி, ஒற்றையா இரட்டையா என்று கேட்பார்கள். ஒரு பிள்ளை ஒற்றை, இரட்டை என்று மாற்றி மாற்றி வைத்தால் எதிராளி அதைக் கண்டுபிடித்துவிடுவான். எந்த ஒழுங்கும் இல்லாமல், தாயக்கட்டையை உருட்டிப் பார்த்து வைப்பதுபோல வைத்தால்? எதிராளி எவ்வளவு சாமர்த்தியசாலி ஆனாலும் அவன் ஊகம் பலிக்காது.

ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம் என்று இருவர் ஆடும் ஆட்டம் எதுவானாலும், இப்படி நஷ்டத்துக்கு எல்லை கட்டும் வழி ஒன்று இருந்தே தீரும். இதைத்தான் அன்று அவர் நிரூபித்தார்.

சதுரங்கமும் இருவர் ஆட்டம்தான். ஆனால் அதில் ஒளிவு மறைவு இல்லை. எல்லாக் காய்களும் கண் முன்னால் நிற்கின்றன. ஆகவே அது விளையாட்டே அல்ல, வெறும் கணக்கு என்று நண்பர் ஒருவரிடம் பின்னாளில் சொன்னாராம். சதுரங்கப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

1928ல் இந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அதிலேயே மூன்று பேர் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அங்கேதான் வழி அடைபட்டது.

புத்தகத்துக்குள் யானை

1930ல் அமெரிக்காவில் உள்ள பிரின்ஸ்டனுக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். 1938ல் வியன்னாவை ஹிட்லர் பிடித்ததும், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார நிபுணர் ஊர் திரும்ப முடியாமல் அமெரிக்காவில் நின்றுவிட்டார். இருவரும் சேர்ந்து, விளையாட்டையும் பொருளாதாரத்தையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். 1944ல் வெளிவந்தது. 600 பக்கங்களுக்கு மேல்!

வீட்டில் எந்நேரமும் இதே பேச்சு. வான் நியூமனின் மனைவி கிளாராவுக்கு அலுத்துவிட்டது. அவருக்கு யானைப் பொம்மைகள் என்றால் உயிர். ஒரு யானையாவது இல்லாத புத்தகத்தைப் பற்றி இனிக் காது கொடுத்துக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கணவர் என்ன செய்தார்? புத்தகத்தின் கணிதப் படம் ஒன்றில் கோடுகளோடு கோடாக ஒரு யானையை ஒளித்து வைத்துவிட்டார்!

ராமு, சோமு, கோபு

அந்தப் புத்தகத்தில் ஒரு சின்ன விளையாட்டு வருகிறது. பெயர்களை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம்.

ராமு, சோமு, கோபு மூவரும் ஆளுக்கு ஒரு பெயரை ரகசியமாக எழுத வேண்டும். தன் பெயரை எழுதக் கூடாது. ஒருவர் பெயரை ஒருவர் எழுதிய இருவர் ஜோடி. மூன்றாமவர் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு ஆளுக்கு 50 காசு.

ராமுவும் சோமுவும் சேர்ந்தார்கள். கோபு அழவில்லை. சோமுவிடம் போய், என்னோடு வா, உனக்கு 60, எனக்கு 40 போதும் என்கிறான். சோமு தாவுகிறான். இப்போது வெளியே நிற்பவன் ராமு. அவன் கோபுவிடம் போய், ஏன் 40க்கு ஒப்புக்கொண்டாய், என்னோடு வந்தால் பாதிக்குப் பாதி என்கிறான். கோபு தாவுகிறான். இப்படியே சுற்றவேண்டியதுதான்!

ஜோடி சேர்ந்தவர்கள் பாதிக்குப் பாதி பிரிப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறது. எந்த ஜோடி சேரும்? அதைக் கணக்கு சொல்லாது. விதி மூவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒருவன் வெளியே நிற்கிறான்.

இன்னொரு முடிவும் கண்டார். அது மனத்தை உறுத்தும். இருவர் சேர்ந்து, மூன்றாமவனுக்கு இவ்வளவுதான் என்று ஒரு பங்கை வழக்கமாக்கிவிடலாம். விதிப்புத்தகத்தில் இல்லாத அந்தப் பாரபட்சமும் நிலைத்து நிற்கக் கூடியதே!

மூவர் சதுரங்கத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். நான் உங்கள் குதிரையை வெட்டுகிறேன். நீங்கள் என் குதிரையை வெட்டுகிறீர்கள். நம் இருவருக்கும் நஷ்டம். சும்மா இருந்த மூன்றாமவருக்கு லாபம்! ஆகவே முதலில் சண்டை தொடங்க யாருக்கும் மனம் வராது. பலசாலியாகத் தெரிந்தாலும் ஆபத்து. மற்ற இருவரும் அவர்மீதே பாய்வார்கள். பேசக் கூடாது என்று விதி போட்டுப் பயனில்லை. பலகையைப் பார்த்தாலே இருவருக்கும் புரிந்துவிடும்.

இதைவிட வேடிக்கை, தோற்கப் போகிறவர் கையில் உள்ள அதிகாரம். தான் ஜெயிக்க முடியாது. யார் ஜெயிப்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம்! தோற்றவர் படை, அவரைத் தோற்கடித்தவருக்கே என்று சிலர் விதி வைத்தார்கள். உடனே, இளைத்தவரை யார் முதலில் விழுங்குவது என்ற போட்டி பிறந்தது.

கூட்டு சேர்ந்தால் யாருக்கு எவ்வளவு நியாயம் என்று அளக்க 1953ல் ஒரு முறை வந்தது. அதைக் கண்டவர் லாயிட் ஷாப்லி. 2012ல் நோபல் பரிசு பெற்றவர்.

மறைக்க முடியாத பக்கம்

கட்டளைகளையும் இயந்திரத்தின் நினைவிலேயே வைக்கும் கம்ப்யூட்டர் முறை, 1945ல் வான் நியூமன் பெயரில் வந்த அறிக்கையால் பரவியது. இன்று நம் கைபேசி வரை அதுதான். நாகசாகியில் விழுந்த அணுகுண்டை வெடிக்க வைக்கவும் அவர் கணக்கு உதவியது. எந்த ஊரில் குண்டு போடுவது என்று யோசித்த குழுவிலும் இருந்தார். இதை விட்டுவிட்டு அவர் வரலாற்றை எழுதுவது நேர்மை ஆகாது.

1955ல் புற்றுநோய் கண்டது. மறு ஆண்டு ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதக்கம் அளித்தபோது, சக்கர நாற்காலியில் வந்து பெற்றுக்கொண்டார்.

நோய் மூளையையும் தொட்டது. சின்னக் கணக்குகளாகக் கேள் என்று ஆஸ்பத்திரியில் மகளிடம் சொன்னார். ஏழும் நாலும் எத்தனை என்பதுபோல மகள் கேட்டார். மகள் அழுதுகொண்டே அறையை விட்டு வெளியேறினார்.

1957 பிப்ரவரி 8ந் தேதி, வாஷிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வயது 53. பிரின்ஸ்டனில் அடக்கம் செய்தார்கள்.