ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (1884 - 1943) ஐக்கிய அமெரிக்காவில் பிறந்து சென்னையில் பணியாற்றிய உடற்கல்வியாளர், விளையாட்டுப் பயிற்றுநர். இவர் 1920 ஆம் ஆண்டில் சென்னையில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் (ஒய்.எம்.சி.ஏ.) உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். அதுவே பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1924 ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் இருந்தார். பள்ளி, கல்லூரி அணிகளைப் பயிற்றுவிப்பது தனிப்படிப்புத் தேவைப்படும் ஓர் ஆசிரியப் பணி என்னும் கருத்தை இந்தியாவில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

பக் 1884 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறித்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். கூடைப்பந்தாட்டம் பிறந்த இடம் அக்கல்லூரியே ஆகும். அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைசுமித் 1891 ஆம் ஆண்டு திசம்பரில் அவ்விளையாட்டை உருவாக்கினார். கைப்பந்தாட்டத்தை 1895 இல் உருவாக்கிய வில்லியம் மார்கனும் அக்கல்லூரியில் பயின்றவரே. உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றும் ஒருங்கே வளர வேண்டும் என்பதும், விளையாட்டு அதற்கான கல்வி முறைகளுள் ஒன்று என்பதும் அக்கல்லூரியின் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. பக் பின்னாளில் சென்னையில் நடைமுறைப்படுத்தியதும் இக்கொள்கையையே.

சென்னை வருகை

பக் 1919 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் கவாத்தாகவே இருந்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அதற்கு அமர்த்தப்பட்டனர். இவர்கள் டிரில் மாஸ்டர் என்று அழைக்கப்பட்டனர். வரிசையில் நிற்கவும் கட்டளைக்கு ஏற்பக் கைகால்களை அசைக்கவும் மாணவர்களைப் பழக்குவதே இவர்களின் வேலை. வயதுக்கு ஏற்ற பயிற்சி எது, ஒரு விளையாட்டைப் படிப்படியாக எவ்வாறு கற்பிப்பது, காயம் ஏற்பட்டால் என்ன செய்வது என்பவற்றில் இவர்களுக்கு முறையான கல்வி இல்லை. பிற பாட ஆசிரியர்களுக்கு இருந்த மதிப்பும் ஊதியமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நல்ல ஆட்டக்காரர்களை உருவாக்குவதற்கு முன்னர் நல்ல பயிற்றுநர்களை உருவாக்க வேண்டும் என்று பக் கருதினார். இதன் விளைவாகவே 1920 இல் உடற்கல்விப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் எழுந்த முதல் நிறுவனமாக இது குறிப்பிடப்படுகிறது. ஒரு சில மாணவர்களுடன் தொடங்கிய இப்பள்ளி பின்னர் சைதாப்பேட்டைக்கு அருகில், அடையாற்றின் கரையிலுள்ள விரிந்த வளாகத்துக்கு மாறியது. இப்பகுதி இன்று நந்தனம் எனப்படுகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உடல்நலம், கற்பித்தல் முறை ஆகிய பாடங்களுடன் களப்பயிற்சியும் அளிக்கப்பட்டது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்று, தத்தம் ஊர்களில் உடற்கல்வி ஆசிரியர்களாயினர். பக் சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பணியாற்றினார்.

ஒலிம்பிக் பணி

1920 ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்குச் சென்ற சிறிய இந்திய அணி தோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் அனுப்பப்பட்டது. நாடு முழுவதும் ஒழுங்கான தகுதிப் போட்டிகள் அப்போது இல்லை. அடுத்த ஒலிம்பிக்கிற்கு முன்னர் அக்குறையை நீக்கும் முயற்சியில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஏ. ஜி. நோரனும் பக்கும் ஈடுபட்டனர். மாகாண அளவிலான போட்டிகளைத் தொடர்ந்து 1924 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தில்லியில் அனைத்திந்தியப் போட்டி நடைபெற்றது. அதிலிருந்து தெரிவான தடகள வீரர்களுடன் பக் மேலாளராகப் பாரிசு சென்றார். நீளம் தாண்டும் தலீப் சிங், தடை தாண்டி ஓடும் சி. கே. லட்சுமணன் ஆகியோர் அவ்வணியில் இருந்தனர். லட்சுமணன், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கண்ணூரைச் சேர்ந்தவர்.

அவ்வாண்டு இந்திய அணிக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. எனினும் தகுதிப் போட்டி, தெரிவு, பயிற்சி, பயணம் என்ற ஒழுங்கு முதன்முறையாக உருவானது. இதன் தொடர்ச்சியாக 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தோராப்ஜி டாட்டா அதன் தலைவராகவும் நோரன் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். மாகாணங்களில் விளையாட்டு அமைப்புகள் ஏற்பட பக் துணை நின்றார்.

பெண்களுக்கான பயிற்சி

பாரிசு ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் டென்னிசு ஆடிய நோரா பாலி, ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய முதல் பெண் ஆவார். ஆனால் பக்கின் பொறுப்பில் சென்ற தடகள அணியில் பெண்கள் இல்லை. ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கான தடகளப் போட்டிகள் 1928 இல்தான் தொடங்கின.

சென்னையில் இராணி மேரி கல்லூரி 1914 இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915 இலும் தொடங்கப்பட்டுவிட்டன. மகளிர் கல்லூரிகளிலும் பெண்கள் பள்ளிகளிலும் ஆடவரைப் பயிற்றுநராக அமர்த்துவதை அக்காலச் சமூகம் எளிதில் ஏற்கவில்லை. ஆகவே பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர் இல்லாத இடத்தில் மாணவியருக்கு முறையான விளையாட்டும் இல்லை என்ற நிலை இருந்தது. பக்கின் நிறுவனமும் முதல் இருபது ஆண்டுகள் ஆடவருக்கு மட்டுமே பயிற்சி அளித்தது. 1940 ஆம் ஆண்டில் அங்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். பக் மறைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஏற்பட்ட இம்மாற்றம், மாணவியர் அணிகளைப் பெண்களே பயிற்றுவிப்பதற்கு வழி செய்தது. இதன் முழுப் பயனைக் காண அவர் உயிருடன் இல்லை. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் மேரி டிசோசா, நீலிமா கோஷ் ஆகியோர் இந்தியாவின் சார்பில் தடகளத்தில் பங்கேற்றனர்.

நூலும் இதழும்

விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து பக் ஆங்கிலத்தில் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. ஊருக்கு ஊர் விதிகள் மாறியிருந்த காலத்தில், இரு கல்லூரிகள் சச்சரவின்றி மோதுவதற்கு இத்தகைய பொது விதிநூல் தேவைப்பட்டது. கல்லூரியிலிருந்து வியாயாம் என்ற காலாண்டிதழும் வெளிவந்தது. படிப்பை முடித்துத் தொலைவிலுள்ள ஊர்களில் தனியாகப் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் துறைச் செய்திகளை அறிய அது உதவியது.

மறைவும் நினைவும்

பக் 1943 ஆம் ஆண்டில் காலமானார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சென்னையில் பணியாற்றினார். அவர் நிறுவிய கல்லூரி நூற்றாண்டைக் கடந்து இயங்கி வருகிறது. அவர் பெயரால் நினைவுப் போட்டிகளும் நடத்தப்பட்டுள்ளன.

உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சென்னையின் பழைய கலைக் கல்லூரிகளாயினும், கர்நாடக எல்லையை ஒட்டிய கிருட்டிணகிரி மாவட்டத்தின் பர்கூரில் 1994 இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி போன்ற புதிய கல்லூரிகளாயினும், மாணவ மாணவியர் அணிகளைப் பயிற்றுவிக்க அத்துறையில் பட்டம் பெற்றவர் வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. உடற்கல்வி இயக்குநர் என்ற பணியிடம் இதன் பொருட்டே உள்ளது. டிரில் மாஸ்டரிலிருந்து உடற்கல்வி இயக்குநர் வரையிலான இம்மாற்றத்தின் தொடக்கத்தில் பக்கின் பணி அமைந்துள்ளது.